மூன்று கால் பின்னல்

ஆக்கி சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் ஒரு கணிப்பொறி இருந்தது. அந்தக் கணிப்பொறிக்குள்ளே ஓர் ஊர். ஊரின் கோடியில், சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் பின்னுவதுதான் ஆக்கிக்கு வேலை. அந்த ஊரை வெளியே இருந்து எழுதியவள் அவளுக்கு ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்று பெயர் எழுதியிருந்தாள். அது ஊருக்குள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆக்குகிறவள், அதனால் ஆக்கி.

அவள் ஆக்கியது பிள்ளைகளை.

வெளியே பள்ளிக்கூட வேனில் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், உள்ளே இந்த ஊரில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். வெளியே அது ஏறினால் உள்ளே இது ஏறும். சாயங்காலம் உள்ளே இது தன் இடத்தைச் சொன்னால்தான், வெளியே டிரைவருடைய போனில் அந்த இடம் தெரியும். அங்கே வேன் நிற்கும். அங்கே ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

ஒரு பிள்ளையை ஆக்க மூன்று கால் முடி வேண்டும், சடைக்குப் பிரிக்கிற மூன்று பிரி மாதிரி. ஒன்று பெயர். ஒன்று இறங்கும் இடம். ஒன்று வந்து கூட்டிப்போகிற ஆள். வெளியே ஆபீஸில் எழுதியதும் சன்னல் “ஆக்கி!” என்று கூப்பிட்டு மூன்றையும் கீழே போடும். ஆக்கி வாங்கிப் பின்னுவாள். கடைசி முடிச்சைப் போட்டதும் பிள்ளை கண்ணைத் திறக்கும்.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அழைப்பு வந்தால் கை காலியாக இருக்க வேண்டும். பாதியில் எது இருந்தாலும் விட்டுவிட வேண்டும். விட்டது காற்றோடு போகும், திரும்ப வராது.

இரண்டு காலை வைத்துக்கொண்டு சடை பின்ன முடியாது. பெண்பிள்ளையைப் பெற்ற எவளுக்கும் அது தெரியும். முறுக்கலாம். முறுக்கினது கையில் இருக்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும். விட்டதும் அவிழ்ந்து தோளில் விழுந்துவிடும்.

ஆக்கிக்கும் தெரியும். ஆனால் அவள் கூச்சக்காரி. கொடுத்ததை வாங்குவாளே தவிர, ‘இது காணோமே’ என்று வாயைத் திறந்து கேட்கமாட்டாள். கேட்க நினைத்தால் காது சிவந்துவிடும். சொல்ல வந்தது பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் சன்னல் கூப்பிட்டது. “ஆக்கி! புதுப்பிள்ளை!”

இரண்டு கால்தான் வந்தது.

பெயர், இதழினி. கூட்டிப்போகிற ஆள், அம்மா மாரீஸ்வரி. இறங்கும் இடத்துக்கு ஆக்கி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கையில் ஒன்றும் விழவில்லை. சன்னலை அண்ணாந்து பார்த்தாள். சன்னல் வேறெங்கோ பார்த்தது.

அப்போது அப்புறம் வந்தான்.

அப்புறம் என்பது அவன் பெயர். பிறந்து ஊருக்குள் திரிகிற பிள்ளைகளுக்கு ஏதாவது மாறினால், புதியதைக் கொண்டுபோய்ச் சடையில் செருகிவிட்டு வருவான். வீடு மாறினால் இடத்தை மாற்றுவான். தாத்தாவுக்குப் பதில் மாமா வந்தால் ஆளை மாற்றுவான். எப்போதும் சிரித்த முகம். எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்பான்.

“என்னக்கா, பிச்சை கேக்குற மாதிரி கையை நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

“இறங்குற எடம் வரல தம்பி.”

“இவ்வளவுதானா? நீங்க பெத்துப் போடுங்க. மிச்சத்தை நான் கொண்டாந்து செருகிட மாட்டேன்? சாயங்காலத்துக்குள்ள வந்துரும்.”

“இல்ல தம்பி… ரெண்டு காலை வச்சுக்கிட்டு…”

“மூணாவது காலுக்கு நான் இருக்கேனே,” என்றது ஒரு குரல்.

வெறுமை. அவள் எப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு நிழல் விழாது. உட்கார்ந்த இடத்தில் தூசிகூட நகராது.

“எனக்கு எடை கிடையாதுக்கா. சத்தம் கிடையாது. அந்த எடம் வர்ற வரைக்கும் எடத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். யாரும் என்னைக் கேக்காத வரைக்கும் நான் நல்ல பிள்ளை.”

“பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!” என்று அப்புறம் சிரித்தான். “சட்டுபுட்டுனு முடிங்கக்கா. பின்னால வரிசை நிக்குது.”

ஆக்கி மறுத்திருக்கலாம். மறுக்கிறதற்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் வரவில்லை. வெறுமையின் கூந்தலை மூன்றாவது காலாக எடுத்தாள். கையில் ஒன்றும் படவில்லை. இருந்தாலும் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, இதன் மேல் அது, அதன் மேல் இது என்று பின்னி முடிச்சுப் போட்டாள். பார்வைக்குச் சடை மாதிரிதான் இருந்தது.

இதழினி கண்ணைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு தலையைத் தொட்டாள்.

“ஏம்மா, ஒரு பக்கம் மட்டும் குளிருது?”

“சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும் தாயி,” என்றாள் ஆக்கி. அதைச் சொல்லும்போது அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. ஏறும்போது யாரும் இடத்தைக் கேட்பதில்லை. ரோட்டில் நின்று கையைக் காட்டினால் வேன் நிற்கும். உள்ளே இதழினி சர்வேஷ் என்கிற பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உன் சடை என்ன ஒரு பக்கம் இளிக்குது?” என்றான் அவன்.

“உன் பல்லு மாதிரியா?” என்றாள் அவள்.

அந்த வரிசையே சிரித்தது. தூரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆக்கிக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளை வாயாடிதான், பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தாள்.

மத்தியானம் அப்புறத்தைத் தேடிப் போனாள். அவன் சன்னலுக்குக் கீழே கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தான்.

“தம்பி, அந்தப் பிள்ளையோட எடம்?”

“யாராவது என் கையில குடுத்தாத்தானேக்கா நான் கொண்டுபோய்ச் செருக முடியும்? குடுக்கலையே.”

“கேக்கலாமில்ல?”

“கேக்குறது என் வேலையா?” அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “குடுத்தா கொண்டுபோவேன். கேக்க வேண்டியவங்க நீங்கதானே. வாசல்ல உக்காந்திருக்கிறது நீங்கதானே.”

ஆக்கி திரும்பி வந்துவிட்டாள்.

சாயங்காலம் வெளியே மழை. உள்ளே வண்டியின் நடத்துனர் எழுந்தார். நடத்துனர் நேர்மையான ஆள். வரிசையாக ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். பிள்ளை சடையில் இருந்து இடத்தை எடுத்து நீட்டும். அவர் கையால் பிடித்துப் பார்த்து வெளியே அனுப்புவார். கேட்கத் தெரியும், பிடிக்கத் தெரியும். அதைத் தவிர ஒன்றும் தெரியாது.

“உன் இடம்?”

“மேட்டுத்தெரு தண்ணீர்த் தொட்டி.”

“சரி. உன் இடம்?”

“ரயில்வே கேட்டு.”

“சரி. நீ புதுசா? உன் இடம் என்னம்மா?”

இதழினி சடையை முன்னால் இழுத்துப் போட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“மாமா, எங்கம்மா பேரு மாரீஸ்வரி,” என்றாள்.

“அது இல்லம்மா. இடம்.”

“எங்கம்மா வருவாங்க மாமா.”

“எங்க வருவாங்க?”

அவள் குனிந்துகொண்டாள். நடத்துனர் அவள் சடையில் இடம் இருக்க வேண்டிய காலைத் தானே பிடித்தார். பிடித்த கை உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லாததை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. தலைகுப்புற விழுந்தார். அவர் விழுந்ததும் வண்டி நின்றது. வண்டி நின்றதும் ஊர் இருண்டது.

பின்வரிசைப் பிள்ளைகள் எல்லோரிடமும் இடம் இருந்தது. எல்லோருடைய சடையும் முழுச்சடை. ஆனால் அவர்களைக் கேட்க ஆள் இல்லை. சர்வேஷ் தன் இடத்தைக் கையில் நீட்டியபடியே இருட்டுக்குள் போனான்.

வெளியே டிரைவர் ஊருக்குப் புதிது. போன் வெறுமையாகிவிட்டது. மழையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெற்றவர்கள் நின்றுகொண்டிருக்க, அவர் பயந்துபோய் வேனைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பிவிட்டார். நனைந்தபடி தாய்மார்கள் ஓடிவந்தார்கள். யார் யாரையோ திட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஊருக்கு வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. எல்லோரையும் முதலில் இருந்து பின்ன வேண்டும்.

ஊரை எழுதியவள் வெளியே உட்கார்ந்து பிழையைத் தேடினாள். நடத்துனர் விழுந்துகிடந்ததால் முதலில் அவரைத்தான் குறை சொன்னாள். நடத்துனர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“நான் கேட்டது தப்பாம்மா? கேட்டதுக்குப் பதில் இல்லாமலே ஒரு பிள்ளையை வாசல்ல இருந்து அனுப்பினது யாரு? நான் கடைசி ஆள். என்கிட்ட வந்து விழுந்துச்சு, அவ்வளவுதான்.”

அவள் தேடிக்கொண்டே பின்னோக்கி வந்தாள். ஒவ்வொரு படியாக வந்து, கடைசியில் ஆக்கியிடம் வந்து நின்றாள். ஆக்கி தலையைக் குனிந்துகொண்டாள். எழுதியவள் திட்டவில்லை. ஆக்கியின் உள்ளங்கையில் ஒரு வரி எழுதினாள். மூன்றும் இல்லாமல் பிறப்பு இல்லை. குறைந்தால் உரக்கச் சொல்.

உரக்கச் சொல் என்பதை ஆக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் உரக்கச் சொன்னதே கிடையாது.

பின்னத் தொடங்கினாள். மேட்டுத்தெருப் பிள்ளை பிறந்தது. ரயில்வே கேட்டுப் பிள்ளை பிறந்தது. சர்வேஷ் கண்ணைத் திறந்து அதே பல்லைக் காட்டினான். அவனுக்கு நேற்றைய நினைவு எதுவும் இல்லை. ஆக்கிக்குத்தான் இருந்தது.

“ஆக்கி!” என்றது சன்னல்.

இரண்டு கால். இதழினி. அம்மா மாரீஸ்வரி.

ஆக்கி பெயர்க்காலை மடியில் வைத்தாள். அது இன்னும் பிள்ளை ஆகவில்லை. ஆனாலும் பெயர் வந்துவிட்டால் பேச்சு வந்துவிடும்.

“ஏம்மா பின்னாம உக்காந்திருக்கீங்க?” என்றது பெயர்.

“உன் எடம் வரணும் தாயி.”

அப்புறம் ஓடிவந்தான். “அக்கா, நேத்து நடந்தது நடந்துபோச்சு. இன்னைக்கு ஒரு வழி சொல்றேன். மொத நிறுத்தம்னு போட்டுருங்க. பாதிப்பேரு அங்கதானே இறங்குறாங்க. கையில ஏதோ ஒண்ணு இருந்தா நடத்துனர் விழமாட்டாரு. ஊரும் இருளாது.”

“இவ?”

“இவளுக்கென்ன?”

“தெரியாத எடத்துல இறங்கி, யாரும் வராம நின்னுக்கிட்டிருப்பாளே.”

“அது வெளியில நடக்குறதுக்கா. நமக்கு இங்க ஒண்ணும் ஆகாது.”

ஆக்கி அவனைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் இவன் சிரிப்பை நல்ல மனசு என்று நினைத்திருந்தாள்.

வெறுமையும் வந்திருந்தாள். இன்றைக்கு வெள்ளையாக ஒரு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பார்த்தால் யாரோ எழுதக் காத்திருக்கிற இடம் மாதிரி இருந்தாள்.

“நேத்து நான் சும்மா வந்தேன். அதனாலதான் விழுந்துட்டாரு. இன்னைக்குப் பாருங்க, பிடிக்கிறதுக்கு ரிப்பன் இருக்கு.”

ஆக்கி ரிப்பனைப் பிடித்துப் பார்த்தாள். ரிப்பன் இருந்தது. ரிப்பனுக்குள்ளே யாரும் இல்லை.

“வேண்டாம்,” என்றாள்.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வெறுமை நகர்ந்து உட்கார்ந்தாள். ஆக்கி எழுந்து நின்றாள். சன்னலைப் பார்த்தாள். காது சிவந்தது, கழுத்து சிவந்தது. வாயைத் திறந்தாள்.

“இறங்கும் இடம் இல்லாம இந்தப் பிள்ளையை நான் பெறமாட்டேன்!”

ஊரே திரும்பிப் பார்த்தது. நடத்துனர் எழுந்து நின்றார். சன்னல் சிவப்பாக எரிந்தது. அந்தச் சத்தம் சன்னலைத் தாண்டி வெளியே ஆபீஸ் அறைக்குப் போனது.

அங்கே கணிப்பொறிக்கு முன்னால் ஜெசிந்தா என்கிற ஆபீஸ் பெண் உட்கார்ந்திருந்தாள். எதிரே மாரீஸ்வரி நின்றாள். அவளுக்குப் பின்னால் நேற்று மழையில் ஓடிய பெற்றவர்கள் கூட்டமாக நின்றார்கள். சன்னல் திறந்திருந்ததால் பேச்சு ஆக்கிக்குக் கேட்டது.

“அக்கா, பாப்பா எங்க இறங்கணும்?”

“அதை… அப்புறம் சொல்றேனே.”

“நேத்தும் அப்படித்தானேக்கா சொன்னீங்க. இன்னைக்கு இது ஏத்துக்கவே மாட்டேங்குது. எடத்தைச் சொன்னாத்தான் உள்ளயே விடுது.”

பின்னால் யாரோ, “சொல்லுங்கம்மா, எங்க பிள்ளைங்களும் நிக்கிதுல்ல,” என்றார்.

“கொஞ்சம் கிட்ட வாங்களேன்,” என்றாள் மாரீஸ்வரி.

“எனக்குக் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க,” என்றாள் ஜெசிந்தா.

“வீடு இல்லம்மா.”

மாரீஸ்வரி தொடர்ந்து சொன்னாள்.

“காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு நாள் ரேஷன் கடை வராந்தா. ஒரு நாள் தெரிஞ்சவங்க மாட்டுக்கொட்டகை. இன்னைக்கு எங்கன்னு எனக்கே இன்னும் தெரியல. நாலு பேரு முன்னால சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் அப்புறம் அப்புறம்னு சொன்னேன்.”

உள்ளே ஆக்கி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தன்னை மாதிரியே ஒருத்தி. சொல்ல வந்ததைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இத்தனை நாள் நடந்தவள். தான் போட்ட சத்தம் அவள் வாயைத் திறந்து, உள்ளே இருந்ததை நாலு பேர் முன்னால் கொட்டவைத்துவிட்டது.

ஜெசிந்தாவின் குரல் தாழ்ந்தது. “ஏதாவது ஒரு நிறுத்தம் சொல்லுங்கக்கா. நான் போட்டுக்கிறேன். இது என்ன கண்டுச்சு?”

அப்புறம் முகம் மலர்ந்தான். “சொன்னேன்ல?” என்று ஆக்கியின் காதில் சொன்னான்.

வெளியே மாரீஸ்வரியின் குரல் கேட்டது.

“வேண்டாம்மா. பொய்யா ஒரு எடத்தைச் சொல்லி, பிள்ளை அங்க இறங்கி நின்னு, நான் வேற எங்கயாவது இருந்தேன்னா? வேண்டாம். வேன்ல பேரு சேக்க வேண்டாம். சாயங்காலம் நானே பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து நடத்திக் கூட்டிட்டுப் போயிர்றேன்.”

“மழை பெய்யுதேக்கா.”

“நனைஞ்சா ரெண்டு பேரும் சேந்து நனையுறோம்.”

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கேட்டுத் தேய்ந்து போனது. சன்னலின் சிவப்பு மெல்ல அணைந்தது.

“ஆக்கி,” என்றது சன்னல். அது கூப்பிட்ட குரல் இல்லை, சும்மா சொன்னது. “அவங்க பேரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அந்த ரெண்டு காலும் இனிமே வேண்டாம்.”

அப்புறம் போவதற்கு எழுந்தான். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

“நீங்க கத்தாம இருந்திருந்தா அந்தப் பிள்ளை ஜம்முனு சன்னலோர சீட்டுல போயிருக்கும்க்கா.”

“காலையில போயிருக்கும்,” என்றாள் ஆக்கி.

வெறுமை மட்டும் போகவில்லை. ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்னை வேண்டாம்னு தள்ளிட்டீங்க. இப்ப நான் இல்லாமப் போயிட்டேனா?”

ஆக்கி அவள் பக்கம் திரும்பினாள்.

“நான் உங்க ஊருக்காரி இல்லக்கா. வெளியில அந்தம்மாகூடத்தான் இருந்தேன். ரேஷன் கடை வராந்தாவுல இருந்தேன். மாட்டுக்கொட்டகையில இருந்தேன். யாரும் கேக்கல, அதனால யாருக்கும் தெரியல. நேத்து உங்க பின்னலுக்குள்ள என்னை ஒளிச்சு வச்சீங்க. இன்னைக்கு நீங்க கேட்டுட்டீங்க. அவ்வளவுதான்.” அவள் எழுந்தாள். எழுந்ததற்கு அடையாளமே இல்லை. “நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. போறேன். அந்தம்மா தனியா நடக்குறாங்க.”

ஆக்கி உட்கார்ந்தாள். மடியில் இரண்டு காலும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. காற்றோடு விட வேண்டியவை. விடவில்லை. இரண்டையும் சேர்த்து முறுக்கினாள். கையை எடுத்தாள். அவிழ்ந்தது. மறுபடி முறுக்கினாள். அவிழ்ந்தது.

“நான் பொறக்கலையா?” என்று கேட்டது பெயர்.

“இன்னைக்கு இல்ல தாயி.”

“என் தலை குளிரலையே. எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“குளிராது. உங்கம்மா இருக்காள்ல, ஒட்டிக்கிட்டு.”

“அவங்க என்னைக் கூட்டிட்டுப் போக வருவாங்களா?”

“வாசலுக்கே வருவா.” ஆக்கி இரண்டு காலையும் விரலில் சுற்றிக்கொண்டாள். “இங்க பாரு. உங்கம்மாவுக்கு ஒரு நாள் எடம் கிடைக்கும். ஒரு கூரை, ஒரு கதவு. அன்னைக்கு அவ வந்து, நாலு பேரு முன்னால, கூச்சப்படாமச் சத்தமாச் சொல்லுவா. எனக்கு இங்க கேக்கும். அப்ப உன் பேரை இந்தக் கையில எடுத்து, உங்கம்மாவை அந்தக் கையில எடுத்து, நடுவுல அந்த எடத்தை வச்சு, அவிழாம இறுக்கமா ஒரு…”

“ஆக்கி!” என்றது சன்னல்.

அழைப்பு வந்தால் கை காலியாக இருக்க வேண்டும்.